கமெராவில் தொங்கிய செபமாலை

என் கணினியைத் திறக்க மூன்று கடவுச்சொற்கள் வேண்டும். ஒன்று பெட்டியை எழுப்ப, ஒன்று உள்ளே இருப்பவற்றின் பூட்டைத் திறக்க, மற்றது நான் நான்தான் என்று அதற்கு நிரூபிக்க. மூன்றையும் பிழையில்லாமல் அடித்து முடிப்பதற்குள் குசினியில் பால் பொங்கி வழிந்துவிடும். வழிந்தும் இருக்கிறது, ஒரு தடவையல்ல.

“துறைமுகத்துக்குள்ள போறதுக்கு நான் ஒரேயொரு அட்டையைத்தான் காட்டுறனான்,” என்பார் என் கணவர். அவர் அங்கே இழுவைப் படகுகளின் எஞ்சின் திருத்துபவர். “உமக்கு உம்மட வீட்டுக் கதிரையில இருக்க மூண்டு பாஸ்வேர்டோ?”

சிரிக்கட்டும். நான் மொழிபெயர்ப்பாளர். சட்டத்தரணிகளுக்காக வாக்குமூலங்களையும் காணி உறுதிகளையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் பிழைப்பு. ஊரில் யாருடைய புருஷன் யாரை அடித்தான், எந்தத் தமையன் எந்தத் தங்கையின் வளவைக் கள்ள உறுதி முடித்தான் என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துதான் அரசாங்கக் கச்சேரிக்கும் கோட்டுக்கும் போகும். வாயைத் திறந்தேனென்றால் இந்தத் திருகோணமலையில் பாதிக் கலியாணங்கள் குழம்பும். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு என்னைப் பற்றிப் பெரிய எண்ணம் இருந்தது.

ஆனால் இந்தப் பூட்டுப் பைத்தியம் தொழிலால் மட்டும் வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் எவனோ ஒரு அறுந்துபோவான் என் முகநூல் கணக்கைத் திருடி, என்னுடைய பெயரில், வயிறு குறைக்கும் மருந்து விளம்பரத்தை எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். எங்கள் பங்குச் சுவாமிக்கும் போயிருக்கிறது. அவர் கொஞ்சம் பருத்த மனுஷன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தவர், என்னிடம் வந்ததும் தன் வயிற்றை ஒரு தரம் பார்த்து, “நீங்கள் சொன்னது சரிதான் மகள், நடக்கத் தொடங்கிட்டன்” என்றார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அன்றைக்கு எடுத்த சபதம்தான் இந்த மூன்று கடவுச்சொற்கள்.

தேடித் தேடி, உலகத்திலேயே சந்தேகப் புத்தி கூடியவர்கள் பாவிக்கும் ஒரு கணினி முறையைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு கணினிக்குள்ளே பல அறைகள். வேலைக்கு ஒரு அறை, வங்கிக்கு ஒரு அறை, கடிதங்களுக்கு ஒரு அறை, ஊர்வம்புக்கு ஒரு அறை. ஒரு அறைக்குள் கள்ளன் புகுந்தாலும் மற்ற அறைக்குப் போகமுடியாது. மைக்கைக்கூட நாமாகக் கையால் எடுத்து ஒரு அறைக்குக் கொடுத்தால்தான் அந்த அறைக்குக் காது கேட்கும். நான் ஒரு அறைக்கும் கொடுக்கவில்லை. திரையின் மூலையில் மைக்கின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி.

அந்தக் கணினியில் ஒரேயொரு குறை. விளையாட்டு ஓடாது. வீடியோ ஒன்றைப் போட்டாலே மூச்சு வாங்கும்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். கனடாவில் இருக்கும் என் தம்பிக்காகத்தான் அது தேவைப்பட்டது.

தம்பி அங்கே லொறி ஓட்டுகிறான். இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் வீடு வந்து, கணினியில் லொறி விளையாட்டு விளையாடுகிறான். லொறி ஓட்டித்தான் சாப்பாடு, லொறி ஓட்டித்தான் பொழுதுபோக்கு, விசரன். ஆனால் நாங்கள் இருவரும் பிரியாமல் இருக்க அந்த ஒரு வழிதான் இருந்தது. தொலைபேசியில் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் அம்மா வந்துவிடுவார், நாலாவது வசனத்தில் சண்டை வந்துவிடும். லொறி விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை. அவனுடைய லொறி முன்னால் போகும், என்னுடையது பின்னால் போகும். “அக்கா, வளைவு வருது, பிறேக்கைப் பிடியுங்கோ” என்று அவன் திரையில் எழுதுவான். நான் பிடிக்காமல் மரத்தில் மோதுவேன். கதை அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் அவனுக்கும் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது அவனுக்கு அங்கே நிரந்தரமாக இருக்கும் பத்திரம் கிடைத்திருக்கவில்லை. வந்தால் திரும்பப் போகமுடியாது. வரவில்லை. செத்த வீட்டில், பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே, அம்மா தொலைபேசியில் அவனிடம், “எனக்கு இனி ஒரு பிள்ளைதான்” என்று சொல்லிவிட்டார். அவன், “அப்ப எனக்கும் அம்மா இல்லையெண்டு வைப்பம்” என்று வைத்துவிட்டான். அதோடு நாலு வருடம். எடுத்துக் கதை என்று இவனிடம் சொன்னால் “அவ எடுக்கட்டும்” என்பான். அம்மாவிடம் சொன்னால் “அவன் எடுக்கட்டும்” என்பார். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிடிவாதங்கள். நடுவில் நான், மரத்தில் மோதிய லொறியோடு.

சரி, விளையாட்டுக்கு என்ன செய்வது? பூட்டுப்போட்ட கணினியைத் திறந்துவிட எனக்கு மனம் வராது. அதற்கும் ஒரு வழி இருந்தது. விளையாட்டை வேறொரு கணினியில் ஓடவிட்டு, அதன் படத்தையும் சத்தத்தையும் மட்டும் வயர் வழியாக என் கணினிக்குக் கொண்டுவரலாம். நான் அழுத்தும் விசைகள் அதே வயரால் அங்கே போகும். கோழி பக்கத்து வீட்டில் வேகும், சாப்பாடு எங்கள் மேசைக்கு வரும், எங்கள் குசினியில் ஒரு சட்டியும் கருகாது. இதற்கென்றே என் கணினியில் புதிதாக ஒரு அறை கட்டினேன். அந்த அறைக்கு வேறெந்த அறையும் தெரியாது. மூன்று கிழமை இரவு பகலாக வாசித்துக் கட்டினேன். இழுத்து மூச்சு விட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விளையாட்டுப் பெட்டியைக் கிண்ணியாவில் பழைய கணினி விற்பவரிடம் வாங்கினேன். கண்ணாடி போட்ட பெண் எல்லாம் அவருக்கு டீச்சர்தான். “டீச்சர், இந்தக் கமெராவையும் சும்மா கொண்டு போங்கோ” என்று ஒரு சின்னக் கமெராவையும் கவ்வியோடு அதில் மாட்டிவிட்டார். இலவசமாக வந்ததை வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

பெட்டி ஓடும்போது சூடாகும். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது அம்மாவின் அறையில் மட்டும்தான். அவருக்கு வெக்கை ஆகாது. ஆகவே பெட்டி அங்கே போனது. வைக்க இடம் இருந்தது ஒரேயொரு மேசையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில். அம்மா முதல் நாள் முழுக்க முறைத்தார்.

“உது என்னடி, மாதாவுக்குப் பக்கத்தில உறுமிக்கொண்டு கிடக்குது?”

“வேலைக்குத் தேவையான சாமான் அம்மா.”

சுரூபத்துக்கு முன்னால் நின்று சொன்ன பொய். இரண்டாம் நாள் பார்த்தால், அம்மா தன் செபமாலையை அந்தக் கமெராவின் கழுத்தில் கொழுவியிருந்தார். நல்ல கொழுக்கி கிடைத்துவிட்டதாம். பெட்டிக்கும் வீட்டில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

கமெரா என்றதும் எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? அம்மா படுத்தெழும்பும் அறை. மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து அதன் கண்ணில் ஒட்டினேன். ஒன்று காணாது என்று குறுக்காக இன்னொன்று. கழற்றி எறிந்திருக்கலாம்தான். அதற்கு மேசைக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டு, தூசிக்குள் தடவி, வயரைப் பிடுங்கவேண்டும். அதற்குப் பஞ்சி, வெறும் சோம்பல். கண் மூடியாயிற்று, இனி என்ன என்று இருந்துவிட்டேன்.

வயர் அம்மாவின் அறையிலிருந்து ஹோலில் இருக்கும் என் மேசைக்கு வரவேண்டும். சுவரில் துளை போடமாட்டேன் என்று என் கணவர் மறுத்துவிட்டதால் யன்னலால் வெளியே எடுத்து, வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒரு கிழமைக்குள் படம் நின்றது. திரையில் சிவப்பு எழுத்து. கள்ளன் வந்துவிட்டான் என்று இரண்டு நாள் மூன்று கடவுச்சொற்களையும் மாற்றினேன். மூன்றாம் நாள் இவர் என்னைக் கையைப் பிடித்து வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஊருக்குள் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒரு கலைமான் எங்கள் மதிலோரம் நின்று, வயரின் ஒரு முனையைப் பனங்கிழங்கு மாதிரிச் சப்பிக்கொண்டிருந்தது. “உம்மட கள்ளனைப் பாரும்,” என்றார், “கொம்பும் இருக்கு.”

புது வயர் உயரத்தில் போட்டோம். விளையாட்டு ஒழுங்காக நடந்தது. தினமும் பின்னேரம் ஆறரைக்கு, அவனுக்குக் காலை ஒன்பது மணி, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் லொறியில் ஏறிவிடுவேன்.

அந்த நேரம் எங்கள் வீட்டில் செபமாலை நேரம். அதையும் சொல்லத்தான் வேண்டும். செபமாலையில் ஒருவர் மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்ல மற்றவர்கள் மற்றப் பாதியைச் சொல்வது வழக்கம். சிறு வயதிலிருந்தே எங்கள் வீட்டில் முதற்பாதி அம்மாவுடையது, மறுபாதி எங்களுடையது. அப்பா போனார், தம்பி போனான், இவர் பின்னேர வேலை. மிஞ்சியது நான் ஒருத்தி. நான் “அவசர வேலை அம்மா” என்று சொல்லிவிட்டு லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தனியாக இரண்டு பாதியையும் தானே சொன்னார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அப்போது இருக்கவில்லை.

செபமாலை முடிந்ததும் அம்மா எழும்பமாட்டார். பிறகு ஒரு கால் மணித்தியாலம் மாதாவோடு கதைப்பார், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வேலியில் நின்று கதைப்பதுபோல, வாய்விட்டு. அன்றைக்கு வீட்டில் நடந்தது எல்லாம் அதில் வரும். “பாரும் தாயே, இண்டைக்கும் இவள் மீனைக் கருக்கிப் போட்டாள். மருமகன் பாவம், வாய் திறக்காமச் சாப்பிட்டான்.” அது எங்களுக்குப் பழகிப்போன சத்தம். குழாயில் தண்ணீர் சொட்டுவதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

விளையாட்டில் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தொடங்கிப் பத்து நிமிஷத்தில் லொறியை வீதியோரம் நிற்பாட்டிவிடுவான். “கோப்பி குடிக்கிறன் அக்கா, நில்லுங்கோ” என்று எழுதுவான். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் நிற்பான். என்ன கோப்பியோ, கொட்டை நட்டு மரமாக்கிக் குடிக்கிறானோ என்று நான் பின்னால் நின்று ஹோர்ன் அடிப்பேன். நிஜ லொறியையும் இப்படித்தான் ஓட்டுகிறானென்றால் கனடாவில் சாமான் போய்ச் சேர்ந்தமாதிரித்தான் என்று எழுதுவேன். அவன் பதில் எழுதமாட்டான்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது. பிறகு அம்மாவுக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்து, கொழும்புக்கு அனுப்பி, அங்கே படம் எடுத்து, மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். நெஞ்சைத் திறந்துதான் ஒப்பரேசன் செய்யவேண்டும். நாளும் குறித்துத் தந்தார்கள். வயதும் சீனி வருத்தமும் இருப்பதால் உறுதி சொல்லமுடியாது என்று டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஊருக்குத் திரும்பும் வாடகை வானில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “அவனுக்குச் சொல்லப்படாது.”

“அம்மா, ஏதும் ஒண்டு நடந்தா...”

“நடந்தா நடக்கட்டும். வருத்தத்தைச் சொல்லி இரக்கத்தில வாற கதை எனக்கு வேண்டாம். மாதாமேல சத்தியம் பண்ணு.”

செய்தேன். இரகசியம் காப்பதுதானே என் தொழில்! ஊர் வந்த அடுத்த நாள் பின்னேரமும் வழக்கம்போல லொறியில் ஏறினேன். வானம் நல்லாயிருக்கு, வீதி நல்லாயிருக்கு என்று எழுதினேன். இரண்டு மரத்தில் மோதினேன். அம்மா நெஞ்சைத் திறந்து படுக்கப்போகிறார், பெற்ற மகனோடு நாலு வருடமாக ஒரு சொல்லுக் கதைக்கவில்லை, கதைக்காமலே போய்விடுவாரோ என்ற பயம் என்னை விடவில்லை. அதைச் சொல்ல ஆளில்லை.

மூன்றாம் நாள் திரையில் தம்பி எழுதினான்: “அக்கா, ஒப்பரேசன் பதினெட்டாம் தேதியோ பத்தொன்பதாம் தேதியோ?”

நான் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எழும்பினேன். இந்தத் திகதி தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: அம்மா, இவர், நான். டொக்டரோடு நாலு. டொக்டர் கனடாவுக்கு எடுத்துச் சொல்லமாட்டார். அப்படியென்றால் என் கணினிக்குள் ஆள் புகுந்துவிட்டது! ஒரு பதிலும் எழுதாமல் எல்லாவற்றையும் அணைத்தேன். அன்றிரவு முழுக்க ஒவ்வொரு அறையாகத் தட்டிப் பார்த்தேன். காலையில் இவரைப் பிடித்தேன்.

“இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. தம்பிக்கு நீங்கள்தானே சொன்னது?”

“உமக்கு என்ன பிடிச்சிருக்கு? அவன்ர நம்பரே என்னட்ட இல்லை.”

“உங்கட போனைத் தாங்கோ.”

தந்தார். பார்த்தேன். அதில் எஞ்சின் படங்களும், சாப்பாட்டுக்கு என்ன என்று எனக்கே அனுப்பிய கேள்விகளும்தான் இருந்தன. திருப்பிக் கொடுத்தபோது அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வளவுக்குள் இறங்கிப் போனார்.

கணினியில் ஒரு ஓட்டையும் இல்லை. மைக்கின் மேல் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. கடைசியில், வேறு வழியில்லாமல், இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் லொறியில் ஏறி நேராகவே கேட்டேன்: “உனக்கு ஆர் சொன்னது?”

“அம்மாதான்.”

“பொய்.”

“அம்மா மாதாவுக்குச் சொன்னவ. நான் கேட்டனான்.”

தனியாக இருந்து இருந்து இவனுக்குத் தட்டிவிட்டது, மாதா காட்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அங்கே நல்ல டொக்டர் இல்லையா என்று எழுதப்போனேன். அதற்குள் அவனே எழுதினான்.

“அக்கா, உங்கட பேருக்குப் பக்கத்தில ஒரு பச்சை லைட் எரியுதெல்லோ? அது என்ன எண்டு நினைச்சீங்கள்?”

இணைப்பு நன்றாக இருப்பதன் அடையாளம் என்று நினைத்தேன். அது எரியும்போதெல்லாம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

“அது மைக், அக்கா.”

எந்த மைக்? என் மைக் பூட்டிக் கிடக்கிறது. பிறகுதான் உறைத்தது. விளையாட்டு என் கணினியிலா ஓடுகிறது? அது ஓடுவது அம்மாவின் அறையில். அங்கே அந்தச் சும்மா வந்த கமெராவுக்குக் கண் மட்டுமா இருக்கும்? காதும் இருக்கும். நான் கண்ணுக்கு இரண்டு பிளாஸ்டர் ஒட்டிவிட்டுக் காதைத் திறந்து விட்டிருக்கிறேன். அம்மா அதன் கழுத்தில் செபமாலையைக் கொழுவி, அதற்கு முன்னால் முழந்தாளில் நின்று, ஏழெட்டு மாதமாகக் கனடாவுக்குக் கதைத்திருக்கிறார். என் கருகிய மீன் உட்பட.

பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுபோகும் என்று நினைக்குமாம். அந்தப் பூனைக்காவது மூன்று கடவுச்சொற்கள் இல்லை.

“ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?”

அவன் நெடுநேரம் எழுதினான், அழித்தான், திரும்ப எழுதினான். “சொன்னா நீங்கள் மூடிப்போடுவீங்கள். எனக்குத் தெரியுந்தானே உங்களை.”

“அப்ப அந்தக் கோப்பி?”

“கோப்பி இல்லை. செபமாலை. நான் சும்மா கேக்கிறேல்லை அக்கா. என்ர மைக்கை மூடிப்போட்டு, மற்றப் பாதியைச் சொல்லிக்கொண்டிருப்பன்.”

நான் விட்டுவிட்டுப் போன பாதி அது. நான் அழுதேன். மேசையில் தலையை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். இரண்டு லொறியும் வீதியோரம் நின்றன.

கடைசியாக அவன் எழுதினான்: “கழட்டாதேங்கோ. ஒப்பரேசன் வரைக்கும் விடுங்கோ. பிளீஸ்.”

அன்றிரவு என் தொழிலும் என் மனமும் சண்டை பிடித்தன. ஊராரின் வாக்குமூலத்தில் ஒரு வரி வெளியே போனால் நான் செத்தேன் என்று நினைப்பவள். பெற்ற தாய் மாதாவோடு தனிமையில் கதைப்பதைத் தெரியாமல் அனுப்பினால் அது பிழை. தெரிந்துகொண்டும் அனுப்பினால் அது களவு. ஆனால் பிடுங்கினால் அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒன்றும் போய்விடும், அதுவும் இந்த நேரத்தில். இவரிடம் கேட்டேன். போன் விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர், “குரல் ஆற்றை?” என்றார்.

“அம்மாவின்ர.”

“அப்ப அவவைத்தானே கேக்கவேணும்.”

காலையில் தேத்தண்ணியோடு போய் அம்மாவின் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லொறி விளையாட்டில் தொடங்கி, வேலைச் சாமான் என்று சொன்ன பொய் வரைக்கும். அம்மா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“இவ்வளவு நாளும் என்ர வாயைக் கனடாவுக்கு அனுப்பினனியோ?”

“தெரியாமத்தான் அம்மா.”

“உலகத்துக்கெல்லாம் பூட்டுப் போட்டனி. பெத்தவளைத் திறந்து விட்டிட்டியேடி!”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தி, “எல்லாத்தையும் கேட்டவனோ?” என்றார்.

“ஓம்.”

“நான் அவனைப் பெறேல்லையெண்டு சொன்னதையும்?”

“ஓம் அம்மா.”

“குளிருக்குத் தொப்பி போடுறானோ எண்டு கேட்டதையும்?”

“அதையும்தான்.”

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நான் எழும்பி, மேசைக்குப் பின்னால் கையை விட்டு, கமெராவின் வயரைத் தேடினேன்.

“என்னடி செய்யிறாய்?”

“கழட்டப் போறன்.”

“கழட்டினா நான் செபமாலையை எங்க கொழுவுறது?” என்றார் அம்மா. “பேசாமப் போய் மீனைப் பார்.”

அன்று பின்னேரம் ஆறரைக்கு அம்மா முகம் கழுவி, நல்ல சீலை ஒன்று உடுத்து, செபமாலையைக் கமெராவிலிருந்து எடுத்து, மாதாவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். முழந்தாளில் நிற்க டொக்டர் விடவில்லை. நான் விளையாட்டைப் போட்டு, லொறியை வீதியோரம் நிற்பாட்டிவிட்டு, இன்றைக்காவது என் பாதியைச் சொல்வோம் என்று அம்மாவின் அறை வாசலுக்கு வந்தேன்.

அம்மா தொடங்கினார். “அருள் நிறைந்த மரியே...” தன் பாதியைச் சொல்லி முடித்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா திரும்பாமலே இடது கையை உயர்த்தி என்னை நிற்பாட்டினார்.

மறுபாதியை அவரும் சொல்லவில்லை. மணியை விரலில் பிடித்தபடி, அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள்தான் எனக்கு விளங்கியது, அவர் காத்திருப்பது எனக்காக இல்லை.

ஹோலுக்கு ஓடினேன். சத்தம் வருவது என் கணினிக்கு; அதுவும் ஹெட்செட்டுக்குள். அதைப் பிடுங்கி எறிந்து, ஸ்பீக்கரைக் கூட்டக்கூடிய அளவுக்குக் கூட்டிவிட்டு, எழுத்துப் பிழையோடு அடித்தேன்: “அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா. மைக்கைத் திற. மற்றப் பாதியைச் சொல்லு.”

ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு என் தம்பியின் குரல், நாலு வருடத்துக்குப் பிறகு, ஹோல் முழுக்க, அம்மாவின் அறை வரைக்கும்: “புனித மரியே...” நடுவில் உடைந்தது. மூக்கை உறிஞ்சினான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஆமென் வரைக்கும் சொன்னான்.

நான் அறை வாசலுக்குத் திரும்ப, அம்மா அடுத்த மணிக்குப் போனார். அவர் முடித்ததும் அவன் தொடங்கவேண்டும். ஆனால் அவர் குரல் அங்கே போய், அவன் குரல் இங்கே வர நேரம் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் பிந்தினான். அம்மா அவன் முடித்துவிட்டான் என்று நினைத்து அடுத்ததைத் தொடங்குவார், இவன் குறுக்கே வருவான், இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். நாலாவது மணியில் அம்மா நிறுத்தினார்.

“ஏன்டா இழுக்கிறாய்?” என்றார், பெட்டியைப் பார்த்து. “எப்ப பாத்தாலும் கடைசியா நிண்டு இழுக்கிறது. கெதியாச் சொல்லு. எனக்கு இன்னும் அம்பது மணி கிடக்கு.”

அது அவனுடைய பிழையல்ல, தூரத்தின் பிழை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாசலில் நின்று காத்திருந்தேன். அம்மாவும் காத்திருந்தார். பதில் வந்து சேர நேரம் எடுத்தது.

“ஓம் அம்மா,” என்றான்.